குண்டம்மாவின் எடை

விமானத்தை எடைபோடும் நாளில் கொட்டகையின் பெரிய கதவுகளை இழுத்துச் சாத்திவிடுவார்கள். வெப்பக்காற்று ஊதிகளையும் நிறுத்திவிடுவார்கள். இறக்கையின்மேல் லேசாகக் காற்று பட்டால்கூடத் தராசின் எண்கள் நிலைகொள்ளாமல் ஆடும் என்பதால் உள்ளே யாரும் வேகமாக நடக்கவும் மாட்டார்கள். துலூஸில் அந்தப் பிப்ரவரிக் காலையில் வெளியே புல்லெல்லாம் உறைபனி. உள்ளேயும் ஆட்களின் மூச்சு புகையாகத்தான் வந்தது. மூக்குக்கு அடியில் ஒன்று, இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் ஒவ்வொன்று என மூன்று தூக்கிகள் விமானத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திப் பிடித்திருந்தன. எரிபொருளை ஒட்ட வடித்தாயிற்று. ஒரு ஆள் உள்ளே ஏறி, யாராவது மறந்து வைத்த திருப்புளி, துணி, காப்பிக் கோப்பை இருக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடி, ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு இறங்கினான். "குண்டம்மா வயித்துல இவ்வளவு தீனியா!" என்று யாரோ சொல்ல நாலு பேர் சிரித்தார்கள். எடைப்பிரிவின் தலைவர் ஃபெர்னான் எஸ்காஃப்ர் சிரிக்கவில்லை.

குண்டம்மா என்பது பொருத்துகிற தொழிலாளர்கள் வைத்த பெயர். அகன்ற வயிறும் குட்டையான மூக்குமாக அந்த விமானத்தைப் பார்த்தால் அப்படித்தான் கூப்பிடத் தோன்றும். கரோன் விமானத் தொழிலகம் அதுவரை கட்டியதிலேயே பெரியது. முந்நூறு பேரைச் சுமந்துகொண்டு பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறக்க வேண்டும். அதற்காக, வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது: பயணியும் எரிபொருளும் இல்லாத வெறும் விமானம் நூற்றுப் பதினெட்டு டன்னுக்கு மேல் போகாது. கொட்டகையில் நின்ற அறுபது பேரும் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் நின்றார்கள். அரை டன் கூடலாம், ஒரு டன்கூடக் கூடலாம், முதல் விமானம் எப்போதும் கொஞ்சம் ஊதித்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

தராசு என்ன சொல்லப்போகிறது என்று முன்பே தெரிந்தவர்கள் அங்கே மூன்று பேர். ஃபெர்னான் ஒருவர். விருந்தினர்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த திட்ட இயக்குநர் ரொலான் விதயாக் இன்னொருவர். தராசின் மேசைக்கு முன்னால், விரல் நுனிகளை வெட்டிவிட்ட கம்பளிக் கையுறையோடு பென்சில் பிடித்து உட்கார்ந்திருந்த ஆர்லெத் புயெஷ் மூன்றாவது ஆள்.

ஆர்லெத்தை அந்த மேசைக்குக் கொண்டுவந்தவர் ஃபெர்னான்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவள் உதிரிபாகக் கிடங்கில் பெட்டிகளை எடைபோட்டு எழுதுகிற எழுத்தர். வரைபடத்தில் பதினொரு கிலோ என்று எழுதியிருந்த ஒரு கதவுக்கீல் உண்மையில் பதினான்கு கிலோ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, யாரும் கேட்காமலே அவருடைய அறைக்கு அனுப்பினாள். அவர் போய்ப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பெரிய பொறியியல் பள்ளிகளில் படித்தவர்கள் மட்டுமே உட்கார்ந்த பிரிவுக்குள் அவளைக் கொண்டுவர அவர் இரண்டு வருடம் மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் சேர்ந்து அவள் கணக்கும் விசையியலும் படித்தாள். நாற்பது வயதில் சான்றிதழ் வாங்கியபோது பிரிவு முழுவதற்கும் அவரே ஷாம்பேன் உடைத்தார். அப்போதும் அவள் அவரை ஐயா என்கிற மரியாதையோடு "முசியே" என்றுதான் அழைத்தாள், "நீங்க" என்றுதான் பேசினாள். அவரும் அப்படித்தான்.

எடைப்பிரிவை யாருக்கும் பிடிக்காது. இறக்கைக்காரனிடம் போய் நூறு கிலோ குறை என்பார்கள், சக்கரக்காரனிடம் போய் அம்பது குறை என்பார்கள். பேச்சோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஆர்லெத் கையில் தராசோடு போவாள். இருக்கை செய்கிறவன், சமையலறைப் பெட்டி செய்கிறவன், கழிப்பறை செய்கிறவன் என்று ஊர் ஊராகப் போய், அவன் சொல்லும் எடையை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, பொருளைத் தூக்கித் தராசில் வைத்துவிடுவாள். திட்டத்தின் இரண்டாம் வருடத்தில் விதயாக் ஒரு போட்டி வைத்தார். வரைபடக் கூடத்தின் நடுவில் பயோன் ஊரின் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். அந்த மாதத்தில் அதிக எடையைக் குறைத்துக் காட்டுகிறவருக்கு அது பரிசு. ஏழு மாதத்தில் மூன்று தொடை ஆர்லெத்துக்குப் போனது. மூன்றாவதை வாங்கும்போது, "என் புருஷன் கறியே வேண்டாங்கிறாரு, அடுத்த தடவ ஒரு மீனைத் தொங்கவிடுங்க" என்றாள். கூடமே சிரித்தது. விதயாக்கும் சிரித்தார்.

அவள் இத்தனை குறைத்தும் விமானம் ஊதிக்கொண்டேதான் போனது. நூறு கிலோவை ஒரு பக்கம் வெட்டினால், மறுபக்கம் கம்பிகள் முந்நூறு கிலோ கூடின. எடைபோடும் நாளுக்குப் பதினொரு மாதம் முன்பு, அதற்கு முந்தைய மார்ச்சில், அவள் கொண்டுவந்து வைத்த தாளில் மொத்தம் நூற்று இருபத்து மூன்று டன் என்று இருந்தது. கூட ஒரு கடைசிப் பத்தி: எதிர்காலத்தில் குறைக்கக்கூடும் என்று ஒவ்வொரு பிரிவும் வாய்வார்த்தையாகச் சொன்ன எடைகள். அந்தப் பத்திக்கு மேல் அவள் 'இன்னும் குறைக்கப்படாதவை' என்று தலைப்பிட்டு இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

மறுநாள் விதயாக் ஃபெர்னானை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். இருவரும் இருபது வயதில் ஒரே ரக்பி அணியில் ஆடியவர்கள். விதயாக்கின் உடைந்த மூக்கு அந்தக் காலத்துச் சொத்து.

"டேய் ஃபெர்னான், உன் ஆர்லெத்தம்மாவோட தாளைப் பாத்தேன்டா. அஞ்சு டன்னா?"

"அஞ்சுக்கு மேல."

"பதினெட்டாம் தேதி கீழ்த்திசை விமானக் கம்பெனிக்காரங்க வாங்க வர்றாங்க. இருபது விமானம். நூத்திப் பதினெட்டுன்னு காட்டினா கையெழுத்துப் போடுவாங்க. நூத்தி இருபத்திமூணுன்னு காட்டினா எழுந்து நேரா அமெரிக்காக்காரன் வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் இந்தக் கேண்டீன்ல வாத்தும் கிடையாது, கேண்டீனும் கிடையாது." விதயாக் வாத்துத்தொடையின் தோலைப் பதமாக உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். முறுகலான தோலைக் கடைசியில் தின்பது அவர் வழக்கம்.

"பொய் எழுதச் சொல்றியா?"

"யாருடா பொய்ங்கிறது? அந்தம்மாவே ஒரு பத்தி போட்டிருக்காங்களே, குறைக்கக்கூடியதுன்னு. எப்படியும் குறைக்கத்தானே போறோம்? அதை இப்பவே கழிச்சுக் காட்டு. அவ்வளவுதான். நீ என்ன இன்னிக்கு நேத்தா விமானம் கட்டுற? எந்த விமானம்டா முதல் வருஷத்துல சொன்ன எடையில இருந்துச்சு?"

அது உண்மைதான் என்பதுதான் சிக்கல். ஃபெர்னான் வேலை பார்த்த நான்கு விமானங்களும் கடைசி வருடத்தில் பட்டினி கிடந்து எடை குறைந்தவைதான். ஒரு டன், ஒன்றரை டன். ஐந்து டன் எதிலும் குறைந்ததில்லை. ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்லவும் முடியாதே என்று வாத்தையும் பீன்ஸையும் தின்றுகொண்டே அவர் நினைத்தார். அந்த நினைப்பு தன்னுடையதா, எதிரே உட்கார்ந்திருப்பவர் ஊட்டியதா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பணி ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. கிரூசான் கடலோரத்தில் அவரும் மனைவி ஒதெத்தும் ஒரு சின்ன வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். காப்பி வந்தபோது, "பாக்கறேன்" என்றார். விதயாக் அவர் தோளில் ஓங்கித் தட்டினார், ஆட்டம் ஜெயித்த நாளில் தட்டுவதுபோல.

புது அறிக்கையை அவர் ஆர்லெத்தின் மேசையில் வைத்தபோது அவள் ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைத் துடைத்து மடக்கிவிட்டு வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"கடைசிப் பத்தியக் காணோமே, முசியே."

"மொத்தத்துலேயே கழிச்சாச்சு."

"யாரு கழிச்சது?"

"நான்தான்."

"குறையாத எடையக் குறைஞ்சதா எழுதியிருக்கீங்க."

"குறைப்போம், ஆர்லெத். இன்னும் ஒரு வருஷம் இருக்கே."

"அந்தக் கழிப்பறைக் கதவ நான் மூணு தடவ தூக்கி எடை போட்டிருக்கேன். என் இடுப்புக்குத் தெரியும் அது குறையலன்னு." அவள் தாளை அவர் பக்கமாகத் திருப்பி நகர்த்தினாள். "இது உங்க ஆசை, முசியே. ஆசைக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தயாரித்தவர் என்ற இடம் காலியாகவே இருந்தது. அதற்குக் கீழே ஒப்புதல் அளித்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்திட்டார். பதினெட்டாம் தேதி கீழ்த்திசைக்காரர்களும் கையெழுத்திட்டார்கள். தொழிற்சாலை முற்றத்தில் மேசை போட்டு எல்லோருக்கும் ஒயின் கொடுத்தார்கள்.

அதன்பின் பதினொரு மாதமும் மாதக் கடைசியில் ஆர்லெத் ஒரு தாளை மடித்து அவர் மேசையில் வைப்பாள். அதில் உண்மையான எடை இருக்கும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அவரும் ஒரு வார்த்தை கேட்காமல் அதை இழுப்பறையில் போடுவார். அத்தனை மாதம் பாடுபட்டும் குறைந்ததோ நூற்று நாற்பது கிலோதான். வேறு இடங்களில் கூடியதோ ஐந்நூறு.

இப்போது கொட்டகையில், விமானம் சாயாமல் சமமாக நிற்கிறதா என்று நீர்மட்டம் பார்த்தவன் கையை உயர்த்தினான். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். மூன்று சிறு பெட்டிகளில் மூன்று எண்கள் ஓடி, தயங்கி, நின்றன. ஆர்லெத் அவற்றைப் பென்சிலால் எழுதிக் கூட்டினாள். பொருத்தியிருந்த சோதனைக் கருவிகளின் எடையைக் கழித்தாள். இன்னும் பொருத்தாத இருக்கைகளையும் மற்றவற்றையும் கூட்டினாள். சரிபார்த்தாள். பிறகு தாளை ஃபெர்னான் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே படிச்சிருங்க, முசியே."

அவர் படித்தார். "நூற்று இருபத்து மூன்று டன், நானூற்றுப் பத்து கிலோ."

 எங்கோ ஒரு தகரம் குளிரில் சுருங்கி டிக்கென்று சத்தமிட்டது. கீழ்த்திசைக்காரர்களின் ஆள் ஒருவர், மெலிந்தவர், கழுத்துத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். "திரும்பப் போடுங்க" என்றார் விதயாக். இறக்கி, ஏற்றி, மறுபடி போட்டார்கள். மூன்றாம் தடவையும் போட்டார்கள். பத்து கிலோ இப்படி, பத்து கிலோ அப்படி. ஐந்தரை டன் என்பது பெட்டிகளோடு ஐம்பத்தைந்து பயணிகள். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அந்த ஐம்பத்தைந்து பேரைத் தரையில் விட்டுவிட்டுத்தான் குண்டம்மா கிளம்ப முடியும். அந்த மெலிந்த மனிதர் அதை மனக்கணக்காகவே போட்டிருப்பார்.

விதயாக் மெதுவாகத் திரும்பி ஃபெர்னானைப் பார்த்தார். "இது எப்படி நடந்துச்சு, முசியே எஸ்காஃப்ர்?" என்று கேட்டார். முகத்தில் உண்மையான அதிர்ச்சி. நாற்பது வருட நண்பர் அன்றுதான் முதல் தடவையாக அவரை முசியே என்று கூப்பிட்டார். ஃபெர்னானுக்குக் காதுகள் சூடாயின. என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. 

பாரீஸில் இருந்த தலைமையகத்திலிருந்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். அதற்கு முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டின்போது ஒதெத் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வருஷந்தான் பாக்கி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு வயசு இருக்கு, எங்கயாவது பொழைச்சுக்குவா." அந்தப் பொண்ணைப் பற்றி ஃபெர்னான் பேச்சே எடுத்திருக்கவில்லை. தன் மனைவி தன்னைவிட ஒரு படி முன்னால் போய் நிற்பது அவருக்குக் கூச்சமாகவும், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

விசாரணை அறையில் நடுவில் உட்கார்ந்தவர் மரியாதையாகவே பேசினார்.

"மார்ச் மாச அறிக்கையில குறைப்புன்னு கழிச்சிருக்கீங்களே, அந்த எண்களையெல்லாம் யார் தொகுத்தது?"

"விவரப் பட்டியலெல்லாம் மதாம் புயெஷ் தயாரிப்பாங்க."

"இந்தக் குறைப்பு எண்களுமா?"

"ஆமா. அவங்க பட்டியல்ல இருந்ததுதான்."

"அவங்க எந்தப் பள்ளியில படிச்சவங்க?"

"அவங்க... மாலை வகுப்புல."

நடுவில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் எதையோ எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி வரும் என்று ஃபெர்னான் காத்திருந்தார். இந்த எண்களைக் கழிக்கச் சொன்னது யார், கழித்தது யார் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லிவிடுவது என்று அந்த நொடியில் உண்மையாகவே முடிவு செய்திருந்தார். நாக்கில் பதில் தயாராக இருந்தது. நடுவில் இருந்தவர் கோப்பை மூடினார். "நன்றி முசியே, உங்க அனுபவத்தை இந்தத் திட்டம் எப்பவும் மதிக்குது" என்றார். ஃபெர்னான் எழுந்து, நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் ஆர்லெத் உட்கார்ந்திருந்தாள். மடியில் கனமான கோப்பு. பன்னிரண்டு வருடத்தில் அவர் பார்த்திராத நீலக் கோட்டு ஒன்றைப் போட்டிருந்தாள். "எப்படி இருந்துச்சு முசியே?" என்று கேட்டாள். "நல்லவங்கதான்" என்று சொல்லிவிட்டு அவர் கழிப்பறைப் பக்கம் நடந்தார்.

உள்ளே என்ன நடந்தது என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அறிக்கையில் தான் கையெழுத்துப் போடவில்லை என்று அவள் எடுத்துக் காட்டியிருக்கிறாள். தவறு என்று தெரிந்தும் மேலிடத்துக்குச் சொல்லாமல், கையெழுத்தை மட்டும் தவிர்த்துவிட்டு ஒதுங்கி நின்றது பொறுப்பற்ற செயல் என்று அதையே அவர்கள் எழுதிவிட்டார்கள். மேலிடம் என்பது தன் பிரிவின் தலைவர்தானே, அவருக்கு மாதாமாதம் தாள் கொடுத்தேனே என்று கேட்டிருக்கிறாள். அப்படி எந்தத் தாளும் பதிவேட்டில் இல்லை, கோப்பில் காட்டுகிற நகல்களை எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்றார்கள். அவர் மேசையில் வைத்த தாள்கள் பதிவேட்டுக்குப் போகவில்லை. விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், ஃபெர்னான் இழுப்பறையைச் சுத்தம் செய்திருந்தார். பழைய காகிதமெல்லாம் சேர்ந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் செய்தார்.

அவளைக் கையேடுகள் அச்சிடும் பிரிவுக்கு மாற்றினார்கள். சன்னல் இல்லாத அறை. பக்க எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. மூன்று வாரம் பார்த்தாள். நான்காம் வாரம் வேலையை விட்டாள். பிரிவில் விடைபெற வந்தபோது எல்லோரிடமும் கைகுலுக்கினாள். ஃபெர்னான் அன்று பல் மருத்துவரிடம் போயிருந்தார்.

கீழ்த்திசைக்காரர்கள் இருபதை எட்டாக்கிக்கொண்டார்கள். விதயாக் வேலையில் நீடித்தார். தவறு கீழே நடந்தது என்று முடிவாகிவிட்டதே. ஜூன் மாதத்தில் குண்டம்மா முதன்முதலாகப் பறக்க நாள் குறித்தார்கள்.

அன்று துலூஸே திரண்டு வந்துவிட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஓடுபாதையின் வேலி நெடுகிலும் சைக்கிளும் காரும், மடக்கு நாற்காலிகளும் குளிர்பெட்டிகளும், அப்பாக்களின் தோளில் பிள்ளைகளும். வேலிக்கு உள்ளே பந்தல் போட்டு விருந்தினருக்கு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஃபெர்னானுக்கு முதல் வரிசையில் இடம். விமானம் ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி நிற்க எப்படியும் அரைமணி ஆகும் என்று அவர் கால் நீட்ட எழுந்தபோதுதான் அவளைப் பார்த்தார். வேலிக்கு அப்பால், கூட்டத்திலிருந்து சற்று விலகி, சைக்கிளைப் பிடித்தபடி தனியாக நின்றாள்.

அவர் காவலாளியிடம் அட்டையைக் காட்டி, பக்கத்துச் சிறு கதவு வழியாக வெளியே போனார். காய்ந்த புல்லில் இருநூறு அடி நடப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"ஆர்லெத்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டவளாகத் தெரியவில்லை. முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"எப்படி இருக்கீங்க? வேலை எதாவது..."

"மோன்தோபான்ல பழக் கூட்டுறவுச் சங்கம். லாரி எடைபோடறேன்." ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நல்ல வேலைதான். லாரி என்ன எடையோ அதைத்தான் எழுதச் சொல்றாங்க."

அவர் தலையை ஆட்டினார். நான்கு மாதமாக மனதுக்குள் எத்தனையோ விதமாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தது வேறு.

"அவங்க அடுத்த கேள்விய கேக்கவே இல்ல, ஆர்லெத். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். என்னை நம்புங்க. சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன். கோப்ப மூடிட்டாங்க."

அப்போதுதான் அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"கேக்காட்டி சொல்லக் கூடாதுன்னு யாராவது உன் வாயைக் கட்டியிருந்தாங்களா?"

பன்னிரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் 'நீ'. கோபத்தில் வந்ததுபோல இல்லை. தெருவில் வழியை மறித்து நிற்கிற யாரோ ஒருவனிடம் பேசுவதுபோல இருந்தது.

"என் தாளெல்லாம் என்ன பண்ணின?"

அவர் குனிந்து காய்ந்த புல்லைப் பார்த்தார். அதிலேயே அவளுக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். "பதினோரு தாள்" என்றாள். "ஒவ்வொண்ணுக்கும் மூணு ராத்திரி உக்காந்திருக்கேன். கிடங்குலேயிருந்து என்னைக் கூட்டிக்கிட்டு வந்தவன் நீ. அதனால அந்தாளு பாத்துக்குவாருன்னு என் புருஷன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். கடைசி நாள் வரைக்கும் சொன்னேன். அந்த மனுஷன் இப்பவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு."

"நான் எதாவது செய்ய முடியும்னா..."

"தள்ளி நில்லு. மறைக்குது."

ஓடுபாதையின் கோடியில் இரைச்சல் எழுந்தது. அவர் தள்ளி நின்றார். குண்டம்மா கிளம்பியது. உள்ளே நான்கு விமானிகளும் கொஞ்சம் எரிபொருளும் மட்டும். ஆகவே அதற்குப் பாரமே தெரியவில்லை. பாதி ஓடுபாதைகூட ஆகவில்லை, மூக்கைத் தூக்கி, வெள்ளை வயிற்றைக் காட்டி, சாதாரணமாக மேலே ஏறிவிட்டது. கூட்டம் கத்தியது. தொப்பிகள் பறந்தன. யாரோ ஒரு முதியவர் அழுதார். ஃபெர்னான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ஆர்லெத்தின் உதடுகள் இறுகியிருந்தன; ஆனால் அவள் கண்கள், பிள்ளை முதன்முதலாகத் தனியாகத் தெருவைக் கடப்பதைப் பார்ப்பதுபோல, விமானத்தோடு கூடவே போய்க்கொண்டிருந்தன. பிரெனே மலைப்பக்கம் அது ஒரு புள்ளியானதும் அவள் சைக்கிளைத் திருப்பினாள். கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போய் மறைந்தாள்.

அவர் சிறு கதவுக்குத் திரும்பி வந்தபோது அது பூட்டியிருந்தது.

"விமானம் இறங்கற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு, முசியே" என்றான் காவலாளி.

"நான் உள்ள இருந்துதானே வந்தேன். அட்டை காட்டினேனே."

"தெரியும் முசியே. உத்தரவு."

பந்தலில் ஒலிபெருக்கி கொரகொரத்தது. விதயாக்கின் குரல். திட்டத்துக்கு உழைத்த பிரிவுத் தலைவர்களுக்கு நினைவுப் பதக்கம் கொடுக்கிறார்களாம். இறக்கைப் பிரிவு என்று கூப்பிட்டதும் ஒருவர் எழுந்து போனார். கைதட்டல். சக்கரப் பிரிவு. கைதட்டல். பிறகு, "எடைப்பிரிவு. என் அருமை நண்பர், முசியே ஃபெர்னான் எஸ்காஃப்ர்!" என்று குரல் ஓடுபாதை முழுவதும் எதிரொலித்தது. அவர் வேலிக் கம்பிகளுக்குள் விரல்களை நுழைத்துப் பிடித்தபடி நின்றார். முதல் வரிசையில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. கைதட்டல் தயங்கி, மறுபடி எழுந்தது. விதயாக் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அங்குமிங்கும் தேடினார். பிறகு சிரித்துக்கொண்டே பதக்கம் இருந்த சின்னப் பெட்டியைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டி, தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.